முப்பத்தெட்டாவது பறவை

சம்பந்தியம்மாவோடு பேச்சுவார்த்தை நின்று எத்தனை காலம் ஆகிறது என்று மீட்டர்காரரை யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதினோரு மாதம் நான்கு நாள் என்று துல்லியமாகச் சொல்வார். மின்சார அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதியவர் அவர். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும், யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் அவர் கண் மீட்டர் பெட்டியைத் தேடும். ஓடுகிற எண்ணைப் பார்த்தால்தான் மனசு அடங்கும்.

சண்டை மகளின் கல்யாணத்தன்று வந்தது. நல்ல நேரத்தில் மண்டபத்தில் மின்சாரம் போயிற்று. மின்சார அலுவலகத்துக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் கரண்ட் போனால் சனங்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள், சிரித்தார்கள். ஜெனரேட்டரைப் போடப் போனால் அதில் ஒரு சொட்டு டீசல் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் ஒரு தடவை, அன்று விடிந்ததும் ஒரு தடவை, டீசல் ஊற்றி வைக்கச் சொல்லி மண்டப மேனேஜரிடம் மீட்டர்காரர் சொல்லியிருந்தார். அந்த மேனேஜரோ முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு, என்னிடம் யாரும் சொல்லவில்லையே என்று கையை விரித்துவிட்டான். இரண்டு தடவை சொன்னேன் என்று மீட்டர்காரர் சத்தியம் செய்தார்.

மாப்பிள்ளையின் அம்மா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக முப்பது வருடம் வேலை பார்த்தவர். டிக்கெட் காற்றில் பறந்துவிட்டது, அடுத்த பெட்டியில் சித்தப்பாவிடம் இருக்கிறது, குழந்தை மென்று விழுங்கிவிட்டது என்று மனிதர்கள் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் கேட்டு முடித்த காது அது. வாயைத் திறக்கிற யாரும் டிக்கெட் இல்லாதவர் என்பது அவர் கட்சி. வியர்த்து வழிகிற மகனை ஒரு பார்வை, மீட்டர்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வாய் கூசாம பொய் சொல்றார் பாருங்க" என்றார். கரண்ட் இருந்திருந்தால் மின்விசிறிச் சத்தத்திலும் பாட்டுச் சத்தத்திலும் அது அமுங்கிப் போயிருக்கும். கரண்ட் இல்லாததால் கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்தது.

அன்றிலிருந்து மீட்டர்காரருக்குச் சோறு இறங்குவது கஷ்டமாகத்தான் இருக்கிறது. மன்னிப்பெல்லாம் அவர் எதிர்பார்க்கவில்லை. முந்நூறு பேர் காதில் விழுந்த அந்த ஒரு சொல்லை அந்தம்மா திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இதை வாரத்துக்குப் பத்துத் தடவை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், "அவங்க என்ன, சட்டி பானையா குடுத்துட்டுப் போயிருக்காங்க, திரும்ப எடுத்துட்டுப் போறதுக்கு?" என்று கேட்டாள். மீட்டர்காரர் எழுந்து போய் வீட்டு மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். ஆசை மட்டும் அப்படியே இருந்தது.

இப்படிப்பட்ட இரண்டு பேரையும் ஒரே கயிற்றுக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தது அவர் பெற்ற மகளேதான்.

ஏரிக்கரையில் சமூகக்கூடம் ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு ஒரு நாள் அங்கே பறவை விழா நடக்கும். ஒரு அறையில் முட்டை அட்டையை வெட்டிப் பிள்ளைகளும் பெரியவர்களும் கொக்கு, ஆந்தை முகமூடி செய்வார்கள். பின்கட்டில் தச்சர் ஒருவர் பறவைக்குக் கூட்டுப்பெட்டி அடிக்கச் சொல்லிக்கொடுப்பார். கட்டைவிரலில் துணி சுற்றியவர்களைப் பார்த்தால் அந்த வகுப்புக்குப் போய் வந்தவர்கள் என்று தெரிந்துகொள்ளலாம். விசிலில் பறவைக் குரல் எழுப்புகிற போட்டியும் உண்டு. மகள் அந்த விழாவில் பதிவு மேஜை. அப்பாவிடம் வந்து, "சும்மா நாற்காலியில உக்காந்து பறவை எண்ணணும்ப்பா, நல்ல நிழல்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதே வார்த்தையை மாறாமல் மாமியாரிடமும் சொல்லியிருந்தாள். கூட யார் உட்காருவார்கள் என்பதை மட்டும் இரண்டு இடத்திலும் மென்று விழுங்கிவிட்டாள்.

பறவை எண்ணுகிற அந்தப் போட்டிக்கு வட்டப் போட்டி என்று பெயர். கரையில் வரிசையாக நான்கு இடத்தில் கயிற்றை வட்டமாகப் போட்டு, வட்டத்துக்கு இரண்டு நாற்காலி வைத்திருந்தார்கள். காலை ஏழு முதல் மாலை நான்குவரை வட்டத்துக்குள் இருந்தபடியே எத்தனை வகைப் பறவை பார்க்கிறார்கள் என்பதுதான் போட்டி. விழாத் தலைவர் ஒரு பல் டாக்டர். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்து வைத்திருப்பார், பதில் சொல்ல மாட்டார் என்ற பழக்கத்தில் அவர் நிறுத்தாமல் பேசுவார். இருவரும் பார்த்தால்தான் பறவை கணக்கில் வரும், ஒருவர் மட்டும் பார்த்தது செல்லாது. குரலானாலும் இரண்டு பேரும் கேட்டிருக்க வேண்டும். கால் கயிற்றைத் தாண்டியிருக்கும்போது பார்த்தது செல்லாது. இரண்டு வட்டம் சமமாக வந்தால் தாளை யார் முதலில் கூடத்து மேஜையில் கொடுத்தார்களோ அவர்களுக்குக் கோப்பை. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு விசிலைத் தடவிக்கொண்டு அடுத்த வட்டத்துக்குப் போனார்.

மீட்டர்காரர் நாலாம் நம்பர் வட்டத்துக்கு வந்தபோது ஒரு நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருந்தது. கழுத்தில் பைனாகுலர், மடியில் பறவைப் படப் புத்தகம், காலடியில் ஃப்ளாஸ்க். முதுகைப் பார்த்ததுமே அவருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ரயில் பெட்டியின் நடுவில் நின்று பழகிய முதுகு வேறு யாருக்கும் அப்படி நிமிராது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதிவு மேஜைப் பக்கம் திரும்பினார்கள். மகள் அங்கே இல்லை. அதுவரை இல்லாத அவசர வேலை அவளுக்கு வந்திருந்தது.

எழுந்து போய்விடலாமென்றுதான் மீட்டர்காரர் நினைத்தார். ஆனால் போனால், பொய் சொன்னவன் முகத்தில் விழிக்க முடியாமல் ஓடிவிட்டான் என்று அந்தம்மா சொல்லும். அந்தம்மாவும் அதே மாதிரி எதையோ கணக்குப் போட்டிருக்க வேண்டும், அசையவில்லை. போதாக்குறைக்கு மூன்றாம் வட்டத்தில் மருந்துக்கடைக்காரர் இருந்தார். அவரும் அவர் மைத்துனரும் மூன்று வருடமாகத் தொடர்ந்து கோப்பை வாங்கியவர்கள். தலை முதல் கால்வரை இலை போட்ட உடுப்பு, அதே துணியில் தொப்பி. "நாலாம் நம்பர்ல ஒரு காக்காயாவது எழுதுவீங்களா?" என்று அங்கிருந்தே கேட்டுச் சிரித்தார். சம்பந்தியம்மாவின் தாடை இறுகியதை மீட்டர்காரர் கவனித்தார். அவருக்கும் ரோஷம் வந்தது. பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

டாக்டர் விசில் ஊதிய அந்த நொடியே எதிரில் இருந்த கம்பத்தில் காக்கை ஒன்று வந்து உட்கார்ந்தது. இரண்டு பேரும் பார்த்தார்கள். காக்கையும் இவர்களைப் பார்த்தது. மூன்றாம் வட்டத்தில் அதற்குள் நாலு பறவை எழுதியாகிவிட்டது. இங்கே பார்த்தேன் என்று யார் முதலில் சொல்வது என்பதிலேயே கால் மணி நேரம் போயிற்று. காக்கை பொறுமையான காக்கை.

கடைசியில் மீட்டர்காரர் தன் பென்சிலிடம் பேசினார். "காக்கா ஒண்ணு உக்காந்திருக்கு. பார்த்தவங்க பார்த்தேன்னு சொன்னா எழுதலாம்."

சம்பந்தியம்மா ஃப்ளாஸ்க்கிடம் சொன்னார். "கண்ணு இருக்கிறவங்களுக்குத் தெரியும்."

"அது பதில் இல்ல" என்றார் மீட்டர்காரர், பென்சிலிடம்.

"ஆமான்னு எழுதிக்கச் சொல்லு" என்றார் சம்பந்தியம்மா, ஃப்ளாஸ்க்கிடம்.

அப்படித்தான் முதல் பறவை எழுதப்பட்டது. அதற்குப் பிறகு பென்சிலுக்கும் ஃப்ளாஸ்க்குக்கும் நடுவே வேலை மளமளவென்று நடந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், இந்த வேலைக்கு இவர்களைப் போல ஒரு ஜோடி அந்த ஏரிக்கே கிடைக்காது. இருட்டு மாடிப்படிக்கடியில், ஒட்டடைக்கு நடுவில், கடுகு கடுகாய் ஓடுகிற எண்ணைப் படித்த கண் மீட்டர்காரருடையது. புதருக்குள் இலை அசைந்தால் போதும், கண்டுபிடித்துவிடுவார். ஆனால் அது என்ன பறவை என்று அவருக்குத் தெரியாது. சம்பந்தியம்மாவுக்கோ ஒருமுறை பார்த்த முகம் மறக்காது. புத்தகத்தை இரண்டு நாள் புரட்டியே எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டிருந்தார். அதே சமயம் எந்தப் பறவையையும் அதன் பேச்சைக் கேட்டு நம்ப மாட்டார். காலைக் காட்டு, அலகைக் காட்டு, வாலைத் திருப்பு என்று ஒவ்வொன்றையும் நிற்க வைத்து விசாரித்துத்தான் அனுப்பினார். கரையோரம் நடந்து போன வாலாட்டி ஒன்றை, புருவம் வெள்ளையா மஞ்சளா என்று அது அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் திரும்பி வரும்வரை ஒப்புக்கொள்ளவில்லை.

பதினோரு மணி சுமாருக்கு எங்கிருந்தோ ஆந்தை அலறியது. சம்பந்தியம்மா ஃப்ளாஸ்க்கை மறந்து நிமிர்ந்தார். பட்டப்பகலில் ஆந்தை கிடைப்பது லேசு இல்லை. மூன்றாம் வட்டத்தில் மருந்துக்கடைக்காரரும் மைத்துனரும் கையோடு கை தட்டிக்கொண்டு எழுதியதும் தெரிந்தது. மீட்டர்காரர் மட்டும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். கூடத்தில் விசில் போட்டி நடக்கிறது, சத்தம் ஜன்னல் பக்கமிருந்து வருகிறது, தான் எழுத மாட்டேன் என்று பென்சிலிடம் தீர்மானமாகச் சொன்னார். சம்பந்தியம்மா உதட்டைப் பிதுக்கினார். ஐந்தாவது நிமிடம் ஒலிபெருக்கியில், ஆந்தைக் குரலுக்கு இரண்டாம் பரிசு என்று அறிவித்தார்கள். பரிசு வாங்கியவர் ஒரு தையல்காரர். பல் டாக்டர் மூன்றாம் வட்டத்துக்குப் போய், தையல்காரர் பறவை இல்லை என்று எடுத்துச்சொல்லி அதை அடிக்க வைத்தார்.

சம்பந்தியம்மா சிரித்தாரா என்று மீட்டர்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார். பைனாகுலருக்குக் கீழே வாய் கொஞ்சம் கோணியிருந்தது. அதற்கு மேல் எதுவும் சொல்வதற்கில்லை.

வெயில் ஏறியது. முகமூடி வகுப்பு முடிந்து ஆந்தைகளும் கொக்குகளும் கரையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு திரிந்தன. ஒரு மணிக்கு மேல் பறவைகள் அடங்கிவிட்டன. அப்போதுதான் மீன்கொத்தி வந்தது. சாய்ந்து நின்ற மரத்தின் பின்னால் நீலமாக ஏதோ மின்னியதும் மீட்டர்காரர் எழுந்து கழுத்தை நீட்டினார். சம்பந்தியம்மாவும் பைனாகுலரைத் தூக்கினார். மீன்கொத்தி தண்ணீரில் பாய்ந்து, மீனோடு மேலே வந்து, கிளையில் அதை இரண்டு தட்டுத் தட்டி விழுங்கியது. அப்படி ஒரு காட்சி. இருவரும் தலையாட்டினார்கள். முப்பத்தொன்று என்று எழுதிவிட்டு உட்காரப் போனபோது மீட்டர்காரர் கீழே பார்த்தார். அவருடைய வலது குதிகால் கயிற்றுக்கு வெளியே இருந்தது.

சத்தமில்லாமல் பென்சிலை எடுத்து மீன்கொத்தியின் மேல் ஒரு கோடு போட்டார்.

"என்னத்தை அடிக்கிறாங்கன்னு கேளு" என்றார் சம்பந்தியம்மா.

"கால் வெளியில இருந்துச்சு."

"யாரு பார்த்தா?"

"யாரும் பார்க்கல. என் கால் எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் மீட்டர்காரர். யாரிடம் சொல்கிறோம் என்பதைக்கூட மறந்திருந்தார்.

சம்பந்தியம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். கையில் கொடுத்த டிக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பி, தேதியைப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற பார்வை. என்ன முடிவுக்கு வந்தார் என்று தெரியவில்லை. அந்த மீன்கொத்தியோ அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து சம்பந்தியம்மா ஃப்ளாஸ்க்கைத் திறந்து ஒரு டம்ளரில் டீ ஊற்றி இரண்டு நாற்காலிக்கும் சரிபாதி இடத்தில் தரையில் வைத்தார். வைத்துவிட்டு ஏரியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அது தனக்கா, ஆறட்டும் என்று வைத்ததா என்று மீட்டர்காரருக்கு விளங்கவில்லை. கேட்கவும் வழியில்லை. நன்றாக ஆறி, ஒரு எறும்பும் வந்து எட்டிப் பார்த்த பிறகு, துணிந்து எடுத்துக் குடித்தார். காலி டம்ளரை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

மூன்றரை மணிக்கு அவர்கள் தாளில் முப்பத்தேழு பறவை இருந்தன. மூன்றாம் வட்டத்திலும் முப்பத்தேழுதான். இது எப்படித் தெரியுமென்றால், மருந்துக்கடைக்காரருக்கு எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. முப்பத்தேழு என்று கரை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். சம்பந்தியம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்னும் ஒன்று, ஒன்றே ஒன்று என்று முணுமுணுத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஏரியைத் துழாவினார். வந்ததெல்லாம் ஏற்கெனவே எழுதிய காக்கையும் புறாவும்தான்.

நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. ஃப்ளாஸ்க் மூடி உருண்டு நாற்காலிக்கு அடியில் போயிற்று. சம்பந்தியம்மா குனிந்து கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அப்போது இடது பக்கத்து நாணலிலிருந்து ஒரு பறவை எழும்பியது. வெளிறிய மஞ்சள் உடம்பு, கறுத்த சிறகு, மடக்கிய கழுத்து. தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறந்து வலது பக்கத்து நாணலுக்குள் போய் விழுந்தது. காலையில் சம்பந்தியம்மா புத்தகத்தைப் புரட்டியபோது மீட்டர்காரர் எட்டிப் பார்த்த பக்கத்தில் இருந்த அதே பறவை.

"மஞ்சள் குருகு" என்று கத்திக்கொண்டே அதை முப்பத்தெட்டாவது வரியில் எழுதினார் மீட்டர்காரர்.

நாற்காலியில் தலை இடிக்கிற சத்தம் கேட்டது. சம்பந்தியம்மா தலையைத் தடவிக்கொண்டு எழுவதற்குள் நாணல் ஆடி அடங்கிவிட்டது. எங்கே என்று கேட்டார். போய்விட்டது என்று மீட்டர்காரர் கையைக் காட்டினார். அந்தம்மா நாணலைப் பார்க்கவில்லை. அவர் முகத்தை மூன்று நான்கு மூச்சு நேரம் பார்த்தார். அதற்குள் விசில் ஊதியது. பல் டாக்டர் கயிற்றருகே வந்து நின்று, கடைசிக் கணக்கு எவ்வளவு என்று கேட்டார்.

"முப்பத்தெட்டு" என்றார் சம்பந்தியம்மா. "கடைசியா வந்தது மஞ்சள் குருகு. ரெண்டு பேரும் பார்த்தோம்."

மீட்டர்காரர் தாளைப் பார்த்தார். கோப்பை கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றது. இந்தம்மாவே வலிய வந்து சாட்சி சொல்கிறது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். ஆனால் அவர் அலுவலகத்தில் சில பேர் இருந்தார்கள். வீட்டுக்குப் போகாமலே, டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, போன மாதத்து எண்ணோடு உத்தேசமாகச் சேர்த்து எழுதிவிடுவார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தாலே மீட்டர்காரருக்கு ஆகாது. பூட்டிக் கிடந்த ஒரு வீட்டுக்கு ஒரே மாதத்தில் ஒன்பது தடவை நடந்த மனிதர் அவர். பார்க்காததைப் பார்த்ததாகத் தாளில் விட்டுவைக்க அந்தக் கை வராது.

"டாக்டர், அதைச் சேர்க்காதீங்க. அவங்க பார்க்கல."

டாக்டர் ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தார். தன் முன்னால் ஒரே நேரத்தில் இரண்டு வாய் பேசுவது அவருக்குப் பழக்கமில்லை. நீங்களே பேசி முடிவு செய்து தாளை மேஜையில் கொண்டுவந்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டு நழுவினார்.

சம்பந்தியம்மா ஃப்ளாஸ்க்கைக் கீழே வைத்தார். பதினோரு மாதம் நான்கு நாளுக்குப் பிறகு முதன்முதலாக மீட்டர்காரரின் முகத்துக்கு நேராகப் பேசினார்.

"ஏன் சம்பந்தி, உங்களுக்கு மூளை கீளை இருக்கா?"

"நீங்க மூடியைத் தேடிட்டு இருந்தீங்க. எப்படிப் பார்த்திருப்பீங்க?"

"நான் பார்க்கலதான். நீங்க பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன்."

"அப்புறம் என்ன? முப்பது வருஷமா பொய் சொல்ற மூஞ்சியாத்தான் பார்த்திருக்கேன். இது அந்த மூஞ்சி இல்ல. நீங்க பார்த்தா ரெண்டு பேர் பார்த்த மாதிரிதான்."

இதெல்லாம் மீட்டர்காரர் காதில் சரியாக ஏறவில்லை. அவர் முப்பத்தெட்டாவது வரியின் மேல் கோணாமல் கோடு போடுவதில் மும்முரமாக இருந்தார். இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்பது விதி என்றார். விதியை உடைப்பில் போடச் சொன்னார் சம்பந்தியம்மா. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது என்றார் இவர். மனசாட்சியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாமே என்றார் அவர். இவ்வளவு காலம் பேசாமல் வைத்திருந்ததெல்லாம் வட்டியோடு வெளியே வந்தது. பிடிவாதக்காரர் என்றும், வீம்பு என்றும், பெண்ணும் அப்பனைப் போலவே என்றும், மாப்பிள்ளை மட்டும் யாரைப் போல என்றும் பேச்சு வளர்ந்தது. பேசிக்கொண்டே ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடத்தை நோக்கி நடந்தார்கள். நடுவில் இலை உடுப்புப் போட்ட இரண்டு பேர் அவர்களைத் தாண்டி ஓடியதை இருவருமே கவனிக்கவில்லை.

பாதி வழியில் மீட்டர்காரர் சட்டென்று நின்றார். மீட்டரில் ஓடியது கணக்கில் வர ஒரு மாதம் ஆகும். அவருக்கும் எல்லாம் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும்.

"இப்ப என்ன சொன்னீங்க?" என்றார்.

"எதை?"

"மூஞ்சின்னு ஏதோ சொன்னீங்க."

சம்பந்தியம்மா நாற்காலியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். ஏரியைப் பார்த்தார். சீக்கிரம் நடக்கச் சொன்னார்.

"அப்ப அந்த டீசல்?" என்று கேட்டார் மீட்டர்காரர்.

சம்பந்தியம்மா நாற்காலியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். ஒருமுறை டிக்கெட் இல்லை என்று எழுதிய ஆளை இறங்கும்வரை விடாத மனுஷி. வேகமாக முன்னால் நடந்தார். இவர்கள் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தபோது மருந்துக்கடைக்காரர் தாளைக் கொடுத்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்களும் முப்பத்தேழு, இவர்களும் முப்பத்தேழு. பதினோரு மாதம் பேசாதவர்கள், பேச ஆரம்பித்த பத்தாவது நிமிடத்தில் பேசியே கோப்பையைத் தோற்றார்கள்.

பரிசளிப்புக்குக் கூடம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் இன்னும் முகமூடியைக் கழற்றவில்லை. சம்பந்திகள் இரண்டு பேரும் மூன்றாவது வரிசையில் நடுவே ஒரு காலி நாற்காலி விட்டு உட்கார்ந்தார்கள். மீட்டர்காரருக்குக் கோப்பை போனதில் வருத்தம் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது என்றுதான் இருந்தது. கேட்காமல் விட்டிருந்தால், மூஞ்சியைப் பற்றிச் சொன்னதையாவது வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டியிருக்கலாம். இப்போது கேட்டும் பதில் வராமல் போனது பழையபடி நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மருந்துக்கடைக்காரர் கோப்பையை வாங்கிக்கொண்டு இறங்கியிருக்கலாம். மைக்கைக் கையில் கொடுத்ததுதான் தப்பு. பறவைகளுக்கும் மைத்துனருக்கும் நன்றி சொன்னார். பிறகு, "நாலாம் நம்பர் வட்டத்துல கடைசி நிமிஷம் குருகு பார்த்தாங்களாமே" என்றார். "இருபது வருஷமா இந்த ஏரியைப் பார்க்கிறேன், என் கண்ணுல படாத குருகு. தோக்கப் போறோம்னு தெரிஞ்சா யார் கண்ணுக்கும் குருகு தெரியும்."

கூடம் சிரித்தது. முகமூடிக்குள்ளிருந்தும் சிரிப்பு வந்தது. மீட்டர்காரருக்குக் காது சுட்டது. அன்று மண்டபத்தில் கேட்ட அதே சிரிப்பு. எழுந்து ஏதாவது சொல்ல வேண்டும், ஆனால் சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பொத்தானைப் பார்த்தார்.

பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. சம்பந்தியம்மா எழுந்து நின்றார். அந்தக் குரலுக்கு மைக் எப்போதும் தேவைப்பட்டதில்லை.

"எங்க சம்பந்தி பார்த்தார்" என்றார். "நான் பார்க்கலைன்னு அவரே அதை அடிச்சார். அடிக்காம விட்டிருந்தா அந்தக் கோப்பை இப்ப எங்க கையில. நான் பொய் சொல்லிக்கூடப் பார்த்தேன், விட மாட்டேன்னுட்டார். இந்த மனுஷன் பார்த்தேன்னு சொன்னா பார்த்தார். டீசல் ஊத்தச் சொன்னேன்னு சொன்னா, சொன்னார். அன்னைக்கு நான்தான் எல்லார் முன்னாடியும் தப்பாப் பேசிட்டேன்."

மருந்துக்கடைக்காரர் மைக்கை வாயருகே வைத்தபடி, "டீசலா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி ஒலிபெருக்கியில் பலமாகக் கேட்டது. அந்தக் கூடத்தில் அது என்னவென்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஒருத்தி வாசலில் பதிவு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மூன்றாமவருக்கு மூக்குக்கண்ணாடியில் தண்ணீர் படர்ந்து, மேடையும் கோப்பையும் ஒன்றும் தெரியவில்லை.

சம்பந்தியம்மா உட்கார்ந்தார். இந்தத் தடவை நடுவிலிருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தார். "நிமிர்ந்து உக்காருங்க சம்பந்தி, எல்லாரும் பார்க்கிறாங்க" என்றார் மெதுவாக. மீட்டர்காரர் நிமிர்ந்தார்.

முன் வரிசையிலிருந்து கொக்கு முகமூடி போட்ட ஒரு அம்மாள் திரும்பி, பறவைக்கும் டீசலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். மீட்டர்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மண்டப மேனேஜரைத் தேடிப் போனதிலிருந்து ஆரம்பித்தார். டீசல் ஊற்றி வைக்கச் சொன்னேன் என்றார்.

"ஒரு தடவை இல்லம்மா" என்றார் சம்பந்தியம்மா. "ரெண்டு தடவை சொன்னார்."